மதிப்பூதியம் என்று எழுதினாலும் அது சம்பளம்தான்: தொண்டு நிறுவனக் களப்பணியாளர்களுக்கான பி.எஃப். விளக்கம்

தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் ஒன்பது வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தார். கடலில் பிடிபட்ட மீனவர் வீடுகளுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பார். பாசி எடுக்கும் பெண்களுக்கு மனு எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவர்களோடு வரிசையில் நிற்பார். 2023-இல் திட்டம் முடிந்துவிட்டது என்று அவரை நிறுத்திவிட்டார்கள். தன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்துக்கு மனு எழுத வேண்டி வந்தபோது எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

என் போனில்தான் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தோம். கடைசி 14 மாதம் காலி. ஆனால் மஞ்சப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டுகளில் மாதாமாதம் 1,440 ரூபாய் பிடித்தம் போட்டிருந்தது. அக்கா ஒவ்வொரு சீட்டாக விரித்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

இந்த ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இதே கதையைப் பலரிடம் கேட்டுவிட்டேன். வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு, நர்சுக்கு நர்சிங் கவுன்சில் உண்டு. நம்மைப் போன்ற களப்பணியாளருக்கு இந்த நாட்டில் அப்படிச் சட்டப்படியான மன்றம் எதுவும் இல்லை. அதனால் நம் பணத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் சுருக்கமாக இதுதான். பி.எஃப். சட்டப்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். பிடித்துக் கட்ட வேண்டும். நம் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். நிறுவனப் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும், மீதி 3.67 சதவீதம் நம் பி.எஃப். கணக்குக்கு வரும். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 2,880 ரூபாய். அக்காவுக்கு விடுபட்ட 14 மாதத்துக்கு 40,320 ரூபாய், வட்டி தனி.

"உனக்கு பி.எஃப். கிடையாதும்மா" என்று சொல்லும் வழிகள்

முதல் வழி, பெயரை மாற்றுவது. சம்பளம் என்று எழுதாமல் மதிப்பூதியம் என்று எழுதுவார்கள். பணியாளர் என்று சொல்லாமல் தன்னார்வலர் என்பார்கள். மாதாமாதம் ஒரே தொகை கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, லீவுக்கு அனுமதி கேட்க வைத்தால் அது வேலை, கொடுப்பது சம்பளம். தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். "நாங்கள் சேவை செய்கிறோம், லாபம் பார்க்கவில்லை" என்ற பதிலையும் கேட்டிருப்பீர்கள். அந்தச் சேவையைத் தினமும் வெயிலில் நடந்து செய்தவர் நீங்கள். உங்கள் பி.எஃப். அதனால் குறையாது.

இரண்டாவது, தலைக்கணக்கு. "எங்களிடம் 20 பேர் இல்லை" என்பார்கள். ராமநாதபுரம் ஆபீசில் எட்டு பேர், ராமேஸ்வரத்தில் ஏழு பேர், ஏர்வாடியில் ஏழு பேர் என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். சட்டப்படி கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனம்தான். காப்பகத்தில் சமைக்கும் அம்மா, இரவுக் காவலாளி, கூட்டிப் பெருக்குபவர், பகுதிநேரக் கணக்கர் எல்லோரும் அந்த எண்ணிக்கையில் வருவார்கள். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆட்கள் 12 பேராகக் குறைந்தாலும் வெளியே போக முடியாது. ஒரு திட்டம் முடிந்து பாதிப் பேரை அனுப்பிவிட்டு, "இனிமேல் நமக்கு பி.எஃப். கிடையாது" என்று சொல்லும் இடங்கள் உண்டு. நம்பாதீர்கள்.

மூன்றாவது, 15,000 ரூபாய் வரம்பு. வேலையில் சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் இருந்து, அதற்கு முன் நீங்கள் எங்குமே பி.எஃப். உறுப்பினராக இல்லையென்றால், உங்களைச் சேர்க்காமல் விட நிறுவனத்துக்கு இடம் உண்டு. முந்தைய வேலையில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் அப்படி விட முடியாது. அதனால்தான் சேரும் அன்று, முன்பு பி.எஃப். கணக்கு இருந்ததா என்று கேட்கும் ஃபார்ம் 11-ஐ நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்" என்பார்கள். "முன்பு உறுப்பினராக இருந்ததில்லை" என்று அவர்களே டிக் அடித்துவிடுவார்கள். காலி ஃபார்மில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பியதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

சம்பளத்தை உடைத்துக் காட்டுவதும் நடக்கிறது. அடிப்படைச் சம்பளம் 6,000, மீதி 8,000 பலவித படிகள் என்று போட்டு, 6,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டுவார்கள். எல்லோருக்கும் மாதாமாதம் ஒரே மாதிரி கொடுக்கும் படியும் பி.எஃப். கணக்கில் சேர வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. டிக்கெட் ஒட்டி, பில் போட்டு வாங்கும் உண்மையான பயணச் செலவு வேறு. அது இதில் வராது.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது ஒன்று உண்டு. நிதி கொடுக்கும் அமைப்புக்கு அனுப்பும் பட்ஜெட்டில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு தனி வரியாக இருக்கும், அந்தப் பணமும் வந்துவிடும். ஆனால் களப்பணியாளர் சம்பளத்தில் 24 சதவீதத்தையும் பிடிப்பார்கள். நிறுவனப் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி கூடாது, நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கூடாது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் 14,000 என்று கையெழுத்து வாங்கிவிட்டு 10,000 கையில் கொடுப்பதும் இதே குடும்பம்தான். அந்த வவுச்சரை உங்களிடம் தர மாட்டார்கள். வங்கிக் கணக்கில் எவ்வளவு வந்தது என்ற ஸ்டேட்மென்ட்டை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்து வையுங்கள்.

அரசுத் துறைகளில் ஏஜென்சி மூலம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்சி கட்டாமல் விட்டால், வேலை வாங்கும் துறைக்கும் பொறுப்பு உண்டு. "அது ஏஜென்சி பாடு" என்று அதிகாரி கைகழுவ முடியாது. மனுவில் ஏஜென்சியின் பெயரோடு துறையின் பெயரையும் எழுதுங்கள்.

பிடித்தார்கள், ஆனால் கட்டினார்களா?

இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் யு.ஏ.என். எண்ணோடு (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) இணைந்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கே பார்க்கலாம். பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியும். "22 பேர் வேலை செய்கிறோம், கட்டியிருப்பது 9 பேருக்கு" என்பது அங்கே ஒரு நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வேலையை விட்ட பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வருகிறது. தாமதித்த தொகைக்கு நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும். புகாரை பி.எஃப். குறைதீர் தளத்தில் பதியுங்கள், பதிவு எண்ணை எழுதி வையுங்கள். அதோடு எழுத்து மூலமாக ஒரு மனுவையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். ஆன்லைன் புகாரை "நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும்" என்ற ஒரே வரியில் முடித்து வைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நிறுவனம் பதில் சொல்லாததால்தானே புகார் கொடுக்கிறோம்! அப்படி முடித்தால் அதே நாளில் மறுபடியும் பதியுங்கள். மனுவில் "விசாரணை நடத்திப் பாக்கியை நிர்ணயம் செய்யக் கோருகிறேன்" என்ற வாசகம் கட்டாயம் இருக்கட்டும். அந்த வாசகம் இல்லாத மனு வெறும் விசாரிப்புக் கடிதமாகப் போய்விடும். அக்காவின் முதல் இரண்டு மனுக்களுக்கு அதுதான் ஆனது. மூன்றாவதில் நாங்கள் அதை எழுதினோம், பணம் வர அப்புறமும் பதினோரு மாதம் ஆனது.

வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அடையாள அட்டை, வங்கி வரவு, நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், மாதாந்திரப் பயண அறிக்கை எல்லாம் உதவும். இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தைகள் தொடர்பான கேஸ் ஃபைலையோ, குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதிய அறிக்கையையோ அப்படியே நகல் எடுத்து மனுவில் இணைத்துவிடாதீர்கள். குழந்தையின் அடையாளம் வெளியே போனால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நிறுவனமே அதைக் காட்டி உங்கள் மேல் புகார் கொடுத்து வாயை அடைத்துவிடும். அந்தக் குழந்தைக்கும் அது செய்யும் அநியாயம். உங்கள் பெயரும் தேதியும் மட்டும் தெரிகிற தாளாகத் தேர்ந்தெடுங்கள்.

பெயரில் தொங்கும் பணம்

பணம் முழுதும் கட்டியிருந்தும் கிடைக்காமல் போவது பெரும்பாலும் பெயரால்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பி.எஃப். கணக்கில் முன்னால் இருக்கும். ஆரோக்கிய மேரிக்கு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒய் போட்டு முடித்திருப்பார்கள், இன்னொரு இடத்தில் ஐ-இ. கீழக்கரையில் செய்யது என்ற பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டு பார்த்திருக்கிறேன். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர் ஏறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிளெய்ம் (பணம் கேட்டுப் போடும் விண்ணப்பம்) திரும்பி வரும், காரணம் அரைவரிதான் இருக்கும்.

2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு வாங்கிய யு.ஏ.என். என்றால் பெரும்பாலான திருத்தங்களை நீங்களே ஆன்லைனில் செய்துவிடலாம். அதற்கு முந்தைய எண் என்றால் நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். அதனால் வேலையில் இருக்கும்போதே, மேலாளரோடு முகம் கொடுத்துப் பேசுகிற நாளிலேயே இதை முடித்துவிடுங்கள். விட்ட பிறகு கையெழுத்துக்கு நடையாய் நடக்க வைப்பார்கள். அனுபவச் சான்றிதழையும் இதோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு, "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரச் சொல்வார்கள். பெற்ற தொகையை மட்டும் எண்ணால் குறிப்பிட்டு எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

வங்கிக் கணக்கையும் பாருங்கள். நம் பக்கத்தில் பலருக்குப் பாண்டியன் கிராம வங்கியில்தான் கணக்கு இருந்தது. 2019-இல் அது தமிழ்நாடு கிராம வங்கியாக இணைந்துவிட்டது. பி.எஃப். கணக்கில் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு கிடந்தால் பணம் போய்த் திரும்பி வரும். வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசி பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். அதற்காக யார் பின்னாலும் அலையாதீர்கள். பிரவுசிங் சென்டரில் கிளெய்ம் போடும்போது ஓ.டி.பி.யை உரக்கச் சொல்லாதீர்கள், பாஸ்வேர்டை அவர்கள் நோட்டில் எழுத விடாதீர்கள்.

அடுத்தது, பணத்தை எடுப்பதா வேண்டாமா என்பது. நம் வேலை மூன்று வருடத் திட்டம், நாலு வருடத் திட்டம் என்று போகிறது. ஒவ்வொன்று முடியும்போதும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருட சேவை வேண்டும். நாலும் மூன்றும் நாலும் பதினொரு வருடம் வேலை செய்தவர், எடுக்காமல் ஒரே யு.ஏ.என்.-இல் மாற்றிக்கொண்டே வந்திருந்தால், 12,000 சராசரிச் சம்பளத்துக்கு 58 வயதில் மாதம் ஏறக்குறைய 1,885 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் எடுத்தவருக்கு அதுவும் இல்லை. அவசரம் என்றால் பி.எஃப். பக்கத்திலிருந்து எடுங்கள், பென்ஷன் பக்கத்தைத் தொடாதீர்கள்.

வாரிசு நியமனமும் மறக்கக் கூடாது. இ.சி.ஆர். ரோட்டில் ராத்திரி பகல் பாராமல் வண்டியில் போகிற வேலை நமக்கு. வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு, அதற்கு நம் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. நியமனம் செய்யாமல் போனால் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்கு அலையும். திருமணம் ஆனவர்கள் பழைய நியமனத்தை உடனே மாற்றுங்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் டிரஸ்ட், சொசைட்டிகளுக்கும் அது பொருந்தும். ஐந்து வருடம் முடித்திருந்தால் கேளுங்கள். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 26 நாள் மாதக் கணக்கில். இரண்டு திட்டத்துக்கு நடுவில் ஒரு வாரம் இடைவெளி காட்டிப் புதிய நியமனக் கடிதம் கொடுப்பது இதைத் தவிர்க்கத்தான். அந்த வாரமும் நீங்கள் களத்தில் இருந்திருப்பீர்கள், அதற்கான பயண டிக்கெட்டையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

பி.எஃப். ஆபீஸ் இருக்கும் மதுரைக்கு பஸ் ஏறும் முன் ஒன்று. மாதாமாதம் 27-ஆம் தேதி, விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில், பி.எஃப். அதிகாரிகள் மாவட்டத்துக்கே வந்து குறை கேட்கும் முகாம் நடக்கிறது. எந்த இடத்தில் என்று முந்தைய வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார், பாஸ்புக் அச்சு, சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றிலும் இரண்டு நகல், மனுவில் மூன்று நகல் கொண்டுபோங்கள். மூன்றாவது நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஒரிஜினல் எதையும் யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.