எழுத்து வளைத்த வரலாறு: ஜுவைனியும் மங்கோலியரும்

1220-இல் மங்கோலியப் பேரரசர் செங்கிஸ் கானின் படை மத்திய ஆசியாவின் புகாரா நகரைச் சூறையாடியபோது, அதைப் பாரசீகத்தில் எழுதிய அதா மாலிக் ஜுவைனி பிறந்திருக்கவே இல்லை. ஆயினும் அவருடைய ‘தாரீக்-இ-ஜஹான்குஷா’ (உலகை வென்றவரின் வரலாறு) நூலில் கான் மேடையேறி, “நான் இறைவனின் தண்டனை, நீங்கள் பெரும்பாவம் செய்திராவிட்டால் அவன் என்னை அனுப்பியிருக்க மாட்டான்” என்கிறார். புல்வெளித் தலைவர் ஒருவரின் பேச்சைவிடப் பள்ளிவாசல் பிரசங்கத்தின் தொனியே இதில் மேலோங்கியிருக்கிறது. ஜுவைனி மங்கோலிய அரசில் ஊழியம் செய்தவர். 1259-இல் பாக்தாதின் ஆளுநரானவர். அழிந்ததோ அவர் சமயத்தாரான முஸ்லிம்களின் நகரங்கள். கொன்றவரைக் கண்டிக்கவும் முடியாமல், புகழ்ந்து கடக்கவும் முடியாமல் நின்றவருக்கு, பழியைக் கொல்லப்பட்டவர்கள்மீதே இறக்கிவைக்க இந்தப் பேச்சு வழிவிட்டது.

புகாராவிலிருந்து தப்பிய ஒருவர் வாயில் அவர் வைக்கும் வாக்கியம் புகழ்பெற்றது: “ஆமதந்த், கந்தந்த், சூக்தந்த், குஷ்தந்த், புர்தந்த், ரஃப்தந்த்.” வந்தார்கள், பெயர்த்தார்கள், எரித்தார்கள், கொன்றார்கள், அள்ளினார்கள், போனார்கள். ஆறு வினைகளும் ஒரே ஈற்றில் முடிவதால், யார், எங்கே, எத்தனை பேரை என்று கேட்கத் தோன்றுமுன் ஓசை நம்மைக் கடத்திவிடுகிறது.

எண்களும் அப்படித்தான். 1221-இல் மங்கோலியர் அழித்த மெர்வ் நகரில் ஒரு சையிது (நபிகளின் வழித்தோன்றல்) தம் துணைவர்களுடன் பதின்மூன்று நாள் இரவு பகலாகப் பிணங்களை எண்ணி, 13 லட்சத்துக்கும் மேல் என்று கண்டாராம். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள்; அந்தக் கணக்கில் அவர்கள் உண்ணாமலும் உறங்காமலும் நொடிக்கு ஒன்றுக்கு மேல் எண்ணியிருக்க வேண்டும். எண்ணியவர் யார், எத்தனை நாள் என்ற விவரங்களே இந்தத் தொகைக்கு நம்பகம் தருகின்றன. சமகாலத்தில் அரபியில் எழுதிய இப்னுல் அதீர் தருவது சுமார் 7 லட்சம். அதுவும் மிகையாகவே தெரிகிறது. படுகொலை நடந்ததில் ஐயமில்லை, அதனால்தான் இந்த எண்களை உரசிப் பார்ப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன்.

எனினும் மிகையைவிட மௌனம்தான் ஆற்றல் மிக்கது. 1260 வரை எழுதிக்கொண்டிருந்தும், தாமே பின்னர் ஆண்ட பாக்தாத் 1258-இல் மங்கோலியரிடம் வீழ்ந்து கலீபா கொல்லப்பட்டதை ஜுவைனி சொல்லவில்லை. 1256-இல் ஷியா பிரிவினரான இஸ்மாயிலியரின் அலமூத் கோட்டை சரிந்த வெற்றியோடு நூலை முடித்துவிடுகிறார். அங்கிருந்த நூலகத்தில் குர்ஆன் பிரதிகளையும் சில நூல்களையும் வானியல் கருவிகளையும் மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சமய விரோதமெனப் பட்ட ஏடுகளைத் தாமே எரித்ததாகப் பெருமையோடு பதிவுசெய்கிறார். அலமூத்தை நிறுவிய ஹசன் இ சபாவின் வாழ்க்கையைப் பெருமளவு இன்று நாம் அறிவது, அந்த ஏடுகளிலிருந்து ஜுவைனி எடுத்தாண்ட பகுதிகளின் வழியாகத்தான்.