லாயல்டி: விசுவாசமா, அணிப்பற்றா?

இத்தாலியின் யுவென்டஸ் கால்பந்துக் கிளப் 2006-இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: “கிளப் தன் கலாச்சாரத்தை மறுகட்டமைத்தபோது புஃபோன் விசுவாசமாக இருந்தார்.” புஃபோன் அந்த அணியின் கோல்கீப்பர். செய்தி சரி. செய்தியைச் சுமக்கும் இரண்டு சொற்களும் தப்பு. கலாச்சாரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் விசுவாசம்.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாயல் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலம் லத்தீனின் ‘லெகாலிஸ்’, அதற்கும் அடியில் சட்டம் என்று பொருள்படும் ‘லெக்ஸ்’. லீகலும் லாயலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விசுவாசம் வடமொழி, அங்கே அதன் பொருள் நம்பிக்கை. இரண்டுக்கும் பிறப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை. தமிழில் அது எந்தெந்த இடங்களில் புழங்கி என்ன பொருளைச் சேர்த்துக்கொண்டது என்பதுதான் கேள்வி. தேவாலயத்தில் விசுவாசம் என்றால் கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை, விசுவாசி என்றால் அந்தச் சபையைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ராஜ விசுவாசம். பண்ணை வீட்டில் எஜமான விசுவாசம். வீட்டு வாசலில் நாயின் விசுவாசம். நான்கிலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே இருப்பவருக்குத்தான் விசுவாசம் வரும், மேலே இருப்பவருக்கு வராது.

சந்தேகம் இருந்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் வீரர் கிளப்புக்கு லாயலாக இருக்கலாம், கிளப்பும் வீரருக்கு லாயலாக இருக்கலாம். தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்சியாளரை நீக்காத நிர்வாகத்தையும் அந்தச் சொல்லால்தான் பாராட்டுவார்கள். அந்த அணியின் நெடுநாள் கேப்டன் டெல் பியேரோவை வைத்து, “யுவென்டஸ் டெல் பியேரோவுக்கு விசுவாசமாக இருந்தது” என்று தமிழில் எழுதினால் சிரிப்புத்தான் வரும். “யுவென்டஸ் டெல் பியேரோவைக் கைவிடவில்லை” என்றால் உறுத்தாது. (அது உண்மையா என்பது வேறு கதை. அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று கிளப்பின் தலைவர் 2011 அக்டோபரில் பங்குதாரர் கூட்டத்தில் அறிவித்தார், 2012-இல் டெல் பியேரோ வெளியேறினார்.)

2006-இல் நடந்ததைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு பொருந்தாது என்பது புரியும். நடுவர்களை நியமிப்பவர்களோடு கிளப் நிர்வாகிகள் நடத்திய தொலைபேசிப் பேச்சுகள் வெளிவந்தன. 2004–05, 2005–06 பட்டங்கள் பறிபோயின. இரண்டாம் பிரிவான சீரி பி-க்கு இறக்கம், அதன்மேல் 30 புள்ளி கழிவு. மேல்முறையீட்டில் அது 17 ஆகி, கடைசியில் 9-இல் நின்றது. கன்னவாரோவும் எமெர்சனும் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார்கள். சாம்ப்ரோட்டாவும் துராமும் பார்சிலோனாவுக்கு, இப்ராகிமோவிச்சும் வியேராவும் இன்டருக்கு. புஃபோன், டெல் பியேரோ, நெத்வெத், திரெசெகே, கமோரனேசி ஐவரும் இருந்துவிட்டார்கள். இவர்களில் மூவர் அந்த ஜூலையில்தான் இத்தாலிக்காக உலகக் கோப்பையைத் தூக்கியவர்கள். நெத்வெத், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை 2003-இல் வாங்கியவர். செப்டம்பர் 9 அன்று ரிமினி ஊரில் முதல் ஆட்டம், 1–1 சமநிலை. பருவ முடிவில் முதலிடம் பிடித்துச் சீரி ஏ-க்குத் திரும்பினார்கள். டெல் பியேரோ மட்டும் லீகில் 20 கோல் அடித்தார்.

இவர்களுக்கு யார் எஜமான்? பழைய நிர்வாகம் வெளியேறிவிட்டது, பயிற்சியாளர் கபெல்லோ மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். விசுவாசம் காட்ட நாற்காலியில் ஆளே இல்லை. நின்றவர்கள் ஒரு சட்டைக்காகவும், அதைப் போட்டிருந்த சக ஆட்டக்காரர்களுக்காகவும் நின்றார்கள். டெல் பியேரோ சொன்னதாகப் பரவிய வாசகமும் அதையே காட்டுகிறது: கனவான் ஒரு சீமாட்டியைவிட்டுப் போக மாட்டான். யுவென்டஸுக்கு ‘முதிய சீமாட்டி’ என்று செல்லப்பெயர் உண்டு. இது வேலைக்காரனின் பேச்சாக இல்லை, சரிசமமாக நின்று மானத்தை முன்வைப்பவனின் பேச்சு.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். ஆங்கில விளையாட்டுப் பக்கங்களில் நெடுநாள் ஆடியவரை ‘லாயல் சர்வன்ட்’ என்பது தேய்ந்துபோன மரியாதைத் தொடர். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, ‘விசுவாசமான ஊழியர்’ என்று போடுகிறார்கள். 25 பருவம் ரோமாவுக்கே ஆடிய டோட்டியை இத்தாலியர்கள் ‘பந்தியேரா’, அதாவது கொடி என்பார்கள். நம் ஆட்கள் அவரையும் ஊழியராக்கி உட்காரவைத்தாயிற்று. கடைகளின் லாயல்டி கார்டு ‘விசுவாச அட்டை’ ஆனதும் இந்தக் கையால்தான்.

‘செஞ்சோற்றுக் கடன்’ என்று எழுதுகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. தமிழாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அது கர்ணனின் சிக்கல்: உண்ட சோற்றுக்காகத் தப்பான பக்கம் என்று தெரிந்தும் நிற்பது. தொழில்முறை ஆட்டக்காரர் சம்பளத்தை உழைத்து வாங்கியவர், அங்கே பாக்கிக் கடன் எதுவும் இல்லை.

எனவே பெயர்ச்சொல் வேண்டுமானால் அணிப்பற்று. நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்ற வரிசையில் இயல்பாக உட்காரும். உறுப்பினர் தான் சேர்ந்திருக்கும் ஒன்றின்மேல் வைப்பது பற்று, அதில் மேல் கீழ் கிடையாது. பற்று என்றால் விடவேண்டியது என்றல்லவா வள்ளுவர் சொன்னார் என்பார்கள். அவரே “பற்றுக பற்றற்றான் பற்றினை” என்றும் சொன்னார். கணக்குப் புத்தகத்தில் பற்று வரவு இருக்கிறதே என்றால், அந்தக் குழப்பம் நாட்டுப்பற்றுக்கு வராதபோது இதற்கு மட்டும் ஏன் வரும்?

பாதி வாக்கியங்களுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம். உடன் நின்றார், விட்டுப்போகவில்லை, கைவிடவில்லை. “கெடுங்காலைக் கைவிடுவார் கேண்மை” என்ற குறளில் உள்ள அதே கைவிடுதல்தான்.

அணிப்பற்றையும் கண்ட இடத்தில் தெளிக்கக் கூடாது. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருப்பதால் ஒருவர் இருப்பது பற்று ஆகாது. ஃபிஃபா விதியில் ஒப்பந்தத்துக்குப் பொதுவான உச்சவரம்பு 5 ஆண்டு. 28 வயதுக்கு முன் கையெழுத்திட்டிருந்தால் முதல் 3 ஆண்டும், அதற்குப் பின் என்றால் முதல் 2 ஆண்டும் பாதுகாப்புக் காலம். அதற்குள் காரணமின்றி முறித்தால் இழப்பீட்டோடு ஆடத் தடையும் வரும். ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்திடலாம். முடிந்தபின் பைசா கைமாறாமல் போகலாம், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில், போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் வந்த தீர்ப்பு கொடுத்த உரிமை அது. கதவு திறந்திருந்தும், வாங்க ஆள் இருந்தும் நின்றால்தான் அந்தச் சொல். 2006-இல் யுவென்டஸ் ஆட்களை விற்றுக்கொண்டிருந்த கிளப், கதவு அகலத் திறந்துதான் இருந்தது.

இப்போது கலாச்சாரம். அணியின் ‘கல்ச்சர்’ என்பது கலையும் உடையும் விழாவும் அல்ல. பயிற்சிக்கு யார் எத்தனை மணிக்கு வருகிறார், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் யார் யாரைக் குறை சொல்கிறார், நடுவரோடு நிர்வாகி பேசலாமா கூடாதா, இவைதான். பண்பாடு என்றால் ஒப்புக்கொள்ளலாம். “பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்” என்ற கலித்தொகை அடி அந்தப் பொருளைத் தாங்கும். அதைவிட எளிது, எழுதிவைத்த விதிக்கு நடைமுறை, எழுதாததற்குப் பழக்கம். மறுகட்டமைப்பு வங்கிக் கடனுக்குப் போகட்டும். பழக்கத்தை மாற்றுவார்கள், போக்கைத் திருத்துவார்கள். யாரும் பழக்கத்தைக் கட்டமைப்பதில்லை.

மிச்சம் இருப்பது ‘லாயல்டி போனஸ்’. இதை விசுவாசப் படி என்று எழுதியவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டும் கிளப்பிலேயே இருந்தால் தரப்படும் தவணைப் பணம் அது. இங்கிலாந்தில், என்னை விற்றுவிடுங்கள் என்று வீரரே எழுத்தில் கேட்டால் மீதித் தவணை பொதுவாகப் போய்விடும். அதனால்தான் வாயால் சொல்லிவிட்டுக் கடிதம் மட்டும் கொடுக்காமல் காத்திருக்கிறார்கள், கிளப்பே விற்றால் பணம் கைக்கு வரும் என்று. பற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைத் ‘தங்குதொகை’ என்று எழுதினால் போதும்.