‘போ’ என்ற சொல்லுக்கு முந்தைய 400 மீட்டர்

குதிரைமேல் ஆள் ஏறி ஓட்டும் பந்தயத்தில், ஒவ்வொரு குதிரையையும் ஒரு கூண்டுக்குள் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் ஒரே நொடியில் திறந்துவிட்டால் போதும். நம் ஊர் ரேக்ளாவை நினைவூட்டும் ‘சல்கி’ என்ற எடை குறைந்த இருசக்கர வண்டியைக் குதிரை இழுத்து ஓடும் பந்தயத்தில் அது நடக்காது. இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது என்பதே அடிப்படை விதி. முன்காலும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள பின்காலும் சேர்ந்து எழும் ‘ட்ராட்’ நடையிலோ, ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்து எழும் ‘பேஸ்’ நடையிலோதான் அது முழுத் தூரத்தையும் கடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து திடீரென்று வேகமெடுக்கச் சொன்னால், பெரும்பாலான குதிரைகள் முதல் சில அடிகளிலேயே பாய்ச்சலுக்குத் தாவிவிடும். வண்டிப் பந்தயத்தின் தொடக்க விதிகள் இத்தனை சிக்கலாக இருப்பதும், தொடக்கத்தைப் பற்றியே இத்தனை தகராறுகள் எழுவதும் குதிரையின் இந்த இயல்பால்தான்.

அந்த இயல்புக்கு உடலியல் காரணம் உண்டு. 1981இல் ஹோய்ட், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சிறிய குதிரைகளை ஓடுபட்டையில் ஓடவிட்டு, அவை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஆற்றல் குறைவாகச் செலவாகும் வேக வரம்பு ஒன்று இருப்பதும், குதிரை தானாகவே அந்த வரம்பைத் தேர்ந்துகொள்வதும் அதில் தெரிந்தன. 1991இல் ஃபார்லியும் டெய்லரும், கால் எலும்புகளிலும் தசைகளிலும் விழும் விசை ஓர் அளவை எட்டியதும் குதிரை பாய்ச்சலுக்கு மாறுகிறது என்றும், முதுகில் சுமை ஏற்றினால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மாறிவிடுகிறது என்றும் காட்டினார்கள். அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட்பிரெட் இனம் இந்த எல்லையை ஓரளவு தாண்டியிருக்கிறது. முதுகுத்தண்டின் நரம்பணுக்களில் கால்களின் ஒத்திசைவைக் கட்டுப்படுத்தும் டிஎம்ஆர்டி3 மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், பாய்ச்சலுக்குத் தாவாமல் மிக வேகமாக ஓட இவ்வினத்துக்கு உதவுகிறது என்று 2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கண்டறிந்தது. ஆனாலும் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினால்தான் நடை நிலைக்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குவதைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இதை எந்தக் கருவியும் இல்லாமலேயே செய்து பார்த்தார்கள். வண்டிகள் கோட்டுக்குப் பின்னால் வெகுதூரம் சென்று திரும்பி, உள் வேலியோரக் குதிரையை அளவாக வைத்து வரிசை பிடித்து ஓடிவரும். வரிசை சரியாக இருப்பதாக மேடையிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றினால் ‘போ’ என்பார், இல்லையென்றால் மணியடித்துத் திருப்பி அழைப்பார். ‘தோன்றினால்’ என்ற அந்தச் சொல்லில்தான் வம்பு முழுவதும் இருந்தது. முறுக்கேறிய குதிரையை வைத்திருக்கும் எதிராளியைக் களைப்படையச் செய்ய, வேண்டுமென்றே முந்தியோ பிந்தியோ வந்து தொடக்கத்தைக் கெடுப்பது ஓட்டுநர்கள் அறிந்த தந்திரம்தான். திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டு, பந்தயம் தொடங்கும் முன்பே குதிரைகள் வியர்த்துப்போகும். காத்திருந்து அலுத்த பார்வையாளர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

1946இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் ஸ்டீஃபன் பிலிப்ஸின் நகரும் தொடக்கத் தடுப்பு பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு காரின் பின்புறத்தில் இரு பக்கமும் விரியும் நீண்ட இறக்கைகள் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் குதிரைகள் தங்களுக்குக் குலுக்கலில் விழுந்த இடத்தில், மூக்கு இறக்கையை ஒட்டினாற்போல ஓடிவர வேண்டும். தொடக்க அதிகாரி காரின் பின்பகுதியில் குதிரைகளைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். அமெரிக்க ட்ராட்டிங் சங்கத்தின் விதிப்படி, தொடக்கக் கோட்டுக்கு ஏறத்தாழ கால் மைல், அதாவது 400 மீட்டர் முன்பே குதிரைகள் தடுப்பை அடைய வேண்டும். முதல் எட்டில் ஒரு மைலில் காரின் வேகம் மணிக்கு 11 மைலுக்குக் குறையக் கூடாது. அடுத்த பதினாறில் ஒரு மைலில் 18 மைலுக்குக் குறையக் கூடாது. பிறகு உச்ச வேகம் வரை சீராகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை எட்டிய வேகத்தை, திருப்பி அழைக்கும் நிலை வந்தாலொழிய, குறைக்கவே கூடாது. எனக்கு இவற்றில் மிக நுட்பமானதாகப் படுவது இந்தக் கடைசி வரிதான். கார் ஒரு கணம் தயங்கினாலும் பின்னால் வரும் குதிரை தடுப்பில் மோதும், அல்லது தலையைத் தூக்கி நடையைக் குலைத்துக்கொள்ளும்.

குதிரைகள் ஒரே வரிசையில்தான் புறப்படுகின்றன என்றால் சில அடி முன்பின் ஆவதற்கு ஏன் இத்தனை சண்டை என்று கேட்கலாம். வளைவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் விளங்கும். அரை மைல் சுற்றளவுள்ள தளத்தில் ஒரு மைல் பந்தயம் என்பது இரண்டு முழுச் சுற்றுகள். வேலியோரம் ஓடும் குதிரையைவிட 1.5 மீட்டர் வெளியே ஓடும் குதிரை, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பை மடங்கு 1.5 மீட்டர், அதாவது சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இரண்டு சுற்றில் 19 மீட்டர். மைலை 1 நிமிடம் 52 நொடியில் கடக்கும் குதிரைக்கு அது 1.3 நொடி. மூக்கு நீளத்தில் வெற்றி தோல்வி முடிவாகும் ஆட்டத்தில் இது பெரிய தொகை. அதனால் ‘போ’ என்றதும் எல்லோருடைய கண்ணும் வேலியோரத்தின்மேல்தான் இருக்கும். கோட்டை அடையும் முன்பே இறக்கையைத் தாண்டி முந்துவது, கோட்டுக்கு முன்பே குறுக்கே வெட்டி உள்ளே வருவது, தன் இடத்துக்கு வராமல் பின்தங்கித் தொடக்கத்தைத் தாமதிப்பது ஆகிய மூன்றும் தனித்தனிக் குற்றங்களாக எழுதப்பட்டிருப்பது இதனால்தான்.

திருப்பி அழைப்பதற்கான காரணங்களும் விதியில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஒரு குதிரை தடுப்பை முந்துவது, இன்னொன்றை இடைமறிப்பது, சேணமோ வண்டியோ உடைவது, ‘போ’ சொல்லும் முன் குதிரை விழுவது, தடுப்பே பழுதாவது போன்றவை அவை. அப்போது காரில் விளக்கு மின்னும், ஒலியும் எழும். கார் நிற்காமல் முன்னே சென்று குதிரைகளின் வழியிலிருந்து விலகும். குதிரை பாய்ச்சலுக்குத் தாவி நடையை உடைப்பது மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. இது கடுமையாகத் தோன்றினாலும் காரணம் தெளிவானது: நடை உடைந்ததற்கெல்லாம் திருப்பி அழைத்தால், மோசமான தொடக்கம் கிடைத்த ஓட்டுநர் வேண்டுமென்றே நடையை உடைத்து மறுவாய்ப்புக் கேட்பார், பழைய தந்திரம் புதுவேடத்தில் திரும்பி வந்துவிடும்.

‘போ’ என்ற பிறகு எந்த அழைப்பும் கிடையாது. அதிகாரியின் கட்டுப்பாட்டுக்குள் வந்த குதிரை, அவரே விலக்கினாலொழிய, விபத்தில் விழுந்தாலும் ஓடியதாகவே கொள்ளப்படும். தொடங்கிய பந்தயம் தொடங்கியதுதான் என்ற இந்தக் கொள்கையைக் கூட்டம் எளிதில் ஏற்பதில்லை. 1963 நவம்பர் 8ஆம் தேதி இரவு, அதே ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில், ஒரு பந்தயத்தின் நடுவே வண்டிகள் மோதி, ஓடிய 8 குதிரைகளில் 6 முடிவுக்கோட்டை எட்டவில்லை. பந்தயம் செல்லும் என்று நடுவர்கள் அறிவித்தார்கள். பணம் கட்டியவர்களில் ஒரு பெருங்கூட்டம் ஓடுதளத்தில் இறங்கிக் கலவரம் செய்தது.

ஆனால் தடுப்புக்கு வரவே முடியாமல் வெகுதூரம் பின்தங்கிவிட்ட குதிரையை என்ன செய்வது? அதன்மேல் பணம் கட்டியவர் ‘என் குதிரை புறப்படவே இல்லையே’ என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது. இதற்காக வட அமெரிக்காவின் பல தளங்களில் தொடக்கக் கோட்டுக்கு 200 அடி, சுமார் 61 மீட்டர், முன்னால் உள் வேலியோரம் ஒரு கம்பம் நடப்பட்டிருக்கிறது. ‘நியாயத் தொடக்கக் கம்பம்’ என்று தமிழில் சொல்லலாம். தடுப்பு மற்றக் குதிரைகளை விடுவிக்கும் நொடியில் ஒரு குதிரை அந்தக் கம்பத்தை எட்டவில்லை என்றால், விசாரணைப் பலகை உடனே எரியும். தலைமை நடுவர் தொடக்க அதிகாரியிடம் தொலைபேசியில் விவரம் கேட்பார், பக்கவாட்டு வீடியோவை நிறுத்தி மூக்கும் கம்பமும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பார். எட்டவில்லை என்று உறுதியானால் அக்குதிரைமேல் கட்டிய பணம் திருப்பித் தரப்படும். 61 மீட்டர் என்பது அந்த வேகத்தில் சுமார் 4 நொடிப் பின்னடைவு. கம்பத்தை ஓரடி தாண்டிய குதிரைக்கும் வெல்ல வழியில்லைதான், அதன்மேல் கட்டிய பணமோ திரும்பாது. எங்கே கோடு கிழித்தாலும் அதன் ஓரத்தில் ஒருவர் நிற்கத்தான் செய்வார். ஆனால் அவரோடு நடக்கும் வாதம் இப்போது அதிகாரியின் மனசாட்சியைப் பற்றியது அல்ல, ஒரு படத்தில் தெரியும் தூரத்தைப் பற்றியது.

ஓட்டுநரின் குற்றத்தைத் தீர்மானிப்பது வேறு வழியில் நடக்கும். தொடக்கத்தில் தவறு செய்தவருக்கு அபராதமோ தடையோ விதிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அதில் பரிசுத்தொகை கைமாறக்கூடும். முடிவு அதிகாரபூர்வமானதும் பந்தயம் கட்டியவர்களுக்கு வழங்கிய பணம் மட்டும் எக்காரணத்தாலும் மாறாது.

எல்லா நாடுகளும் காரை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. பாரிஸின் வின்சென் தளத்தில் ஜனவரியில் 2,700 மீட்டர் தூரத்துக்கு நடக்கும் பிரி தாமெரிக் பந்தயத்தில், குதிரைகள் வட்டமிட்டுத் திரும்பி வரிசை சேரும்போது புறப்படுகின்றன. யாராவது முந்தினால் அழைத்து மறுபடியும் வட்டமிட வைக்கிறார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 3,200 மீட்டர் நியூசிலாந்துக் கோப்பையோ இன்றும் நின்ற நிலையிலேயே, குறுக்கே கட்டிய நாடாவை விடுவித்துத் தொடங்குகிறது. நின்ற இடத்தில் அடங்காத குதிரைக்கு அங்கே ஒரு தனி ஏற்பாடு உண்டு. முந்தைய பந்தயங்களில் முரண்டு பிடித்தது பதிவாகியிருந்தால், அது மற்றவற்றுக்கு இடையூறாகாதபடி ஒதுக்கி நிறுத்தப்படும். அது திரும்பி நின்றாலும் துள்ளினாலும் மற்றக் குதிரைகள் காத்திருக்க வேண்டியதில்லை. தான் அடங்கிவிட்டதாக அது அதிகாரிகள் முன்னிலையில் காட்டும் வரை அதன் இடம் அதுதான்.