ஒரே படத்துக்கு மூன்று தீர்ப்பு

2017 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை' வெளியானது. முதல் மூன்று நாளிலேயே அந்த நாட்டில் மட்டும் 22 கோடி டாலர் வசூல். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்கள்தான் குழப்பின. விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 'நல்ல படம்' என்றார்கள். தியேட்டரில் நேரடியாகப் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் 'ஏ' கிரேடு. ஆனால் அதே ராட்டன் டொமேட்டோஸில் பொதுமக்களுக்கான பகுதியில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போய் 40 சதவீதத்தை ஒட்டி நின்றது.

இதில் யார் சொன்னது பொய்? அப்படிக் கேட்பதே தவறு என்பது என் கருத்து. மூன்றும் மூன்று வெவ்வேறு கூட்டத்திடம், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள். நீண்ட காலமாக ஓடும் தொடர் படங்களில், அதாவது ஃபிரான்சைஸ் படங்களில், இந்த வித்தியாசம் மற்ற படங்களைவிடப் பெரிதாகத் தெரியும். ஏன் என்று புரிய, ஒரு ரசிகரின் கருத்து எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது படம் முடிந்தபிறகு பிறப்பதில்லை. டிக்கெட் எடுப்பதற்கு வெகு முன்பே பிறந்துவிடுகிறது.

2015 இல் வந்த முந்தைய படத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கலாம். கடல் நடுவே ஒரு பாறைத் தீவு. பல ஆண்டுகளாகக் காணாமல் போன, பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் அங்கே நிற்கிறார். ரே என்ற இளம்பெண் அவருடைய பழைய ஒளிவாளை அவரிடம் நீட்டுகிறாள். அவர் வாங்கவில்லை, பேசவில்லை, படம் முடிந்துவிடுகிறது. அடுத்து அவர் என்ன செய்வார் என்று ரசிகர்கள் இரண்டு ஆண்டுகள் யோசித்தார்கள். அந்தக் காட்சியைத் தங்கள் மனதுக்குள் எழுதிப் பார்த்தார்கள். 2017 இல் இயக்குநர் ரியான் ஜான்சன் காட்டியது இதுதான்: லூக் வாளை வாங்குகிறார், ஒரு கணம் பார்க்கிறார், தோளுக்குப் பின்னால் தூக்கி எறிந்துவிட்டு நடந்து போகிறார்.

ஸ்டார் வார்ஸ் பற்றி அதிகம் தெரியாதவருக்கு இது எதிர்பாராத, கொஞ்சம் சிரிப்பூட்டும் திருப்பம். அவ்வளவுதான். சிறுவயதிலிருந்து லூக்கைக் கதாநாயகனாக வைத்திருந்தவருக்கோ அது தனக்கு நேர்ந்த அவமானம் போல இருந்தது. திரையில் ஓடியது ஒரே காட்சிதான். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்திலிருந்து அதை அளந்தார்கள்.

மூளை இப்படித்தான் அளக்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த செல்கள் துடிப்பாக இயங்கின. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வரும்போது பெரிய மாற்றம் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனபோது, அந்த செல்களின் இயக்கம் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. 1997 இல் அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைக் 'கணிப்புப் பிழை' என்று விளக்கியது. கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அந்த செல்கள் கணக்கிடுகின்றன. குரங்கின் பழச்சாற்றையும் மனிதரின் சினிமா ரசனையையும் ஒன்றாக்கிவிட முடியாதுதான். ஆனாலும் டீசர், டிரெய்லர், போஸ்டர் எல்லாம் அந்த விளக்கின் வேலையைத்தான் செய்கின்றன.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி அதிகம். புதிய படத்துக்கு இழக்க ஒன்றுமில்லை. எட்டாவது பாகத்துக்கு நிறைய இருக்கிறது.

சரி, கருத்து பிறந்துவிட்டது. அதை எப்படிப் பிடிக்கிறார்கள்?

எட் மின்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1978 இல் ஒரு நகைச்சுவைப் படத்துக்குப் போய் ஏமாந்து திரும்பினார். விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும் என்று பக்கத்தில் இன்னொருவர் அங்கலாய்த்தது அவர் காதில் விழுந்தது. சினிமாஸ்கோர் அப்படித்தான் தொடங்கியது. யூதர்களின் யோம் கிப்பூர் நாளில் நன்கொடை வாங்கப் பயன்படும் அட்டையின் ஓரத்தில் மடிக்கக்கூடிய சிறு சிறு துண்டுகள் இருக்கும். கருத்துக் கேட்கும் அட்டையின் வடிவத்துக்கு அதுதான் தூண்டுதல். வெளியீட்டு நாளன்று அமெரிக்காவின் சில நகரங்களில், தேர்ந்தெடுத்த தியேட்டர்களில் இந்த அட்டையைக் கொடுக்கிறார்கள். படத்துக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை ஒரு கிரேடு, வயது, ஆணா பெண்ணா, எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள் என்று சில கேள்விகள். ஒரு படத்துக்குச் சுமார் 400 அட்டைகள்.

400 பேரை வைத்து ஒரு நாட்டின் கருத்தைச் சொல்லிவிட முடியுமா என்ற சந்தேகம் வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது புள்ளியியலும் ஒப்புக்கொள்ளும் விஷயம்தான். எண்ணிக்கையைவிட, எந்தச் சோற்றை எடுத்தோம் என்பதுதான் முக்கியம். சினிமாஸ்கோரின் பலம் இங்கே இருக்கிறது: தானாக முன்வந்து பேசுகிறவரைத் தேடுவதில்லை, தியேட்டருக்குள் வந்தவரிடம் அட்டையை நீட்டுகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பதில் தருகிறார்கள். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. முதல் நாள் வருகிறவர்கள் பானையின் மேல்தட்டுச் சோறு.

தொடர் படங்களில் இந்த மேல்தட்டு பாகத்துக்குப் பாகம் மெலிகிறது. முதல் பாகம் பிடிக்காதவர் இரண்டாவதற்கு வருவதில்லை, இரண்டாவதில் சலித்தவர் மூன்றாவதை வீட்டில் பார்த்துக்கொள்கிறார். பத்தாவது பாகத்தின் முதல் நாள் இருக்கையில் இருப்பவர்கள் ஒன்பது சல்லடைகளைத் தாண்டி வந்தவர்கள். அவர்களிடம் கேட்டால் நல்ல கிரேடு வராமல் என்ன செய்யும்? 2008 முதல் வந்த மார்வெல் ஸ்டுடியோஸின் முதல் 25 படங்களில் ஒன்றுகூட 'பி பிளஸ்'ஸுக்குக் கீழே போகவில்லை. 26 ஆவதாக 2021 இல் வந்த 'எடர்னல்ஸ்' வெறும் 'பி' வாங்கியபோது அது ஏன் செய்தியானது என்பதை இப்படிப் பார்த்தால் புரியும். பள்ளிக்கூடத்தில் 'பி' நல்ல கிரேடு. இங்கே, ஆசையோடு முதல் நாளே ஓடி வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த கிரேடு படத்தின் தரத்துக்கானது என்று நினைத்தால் தப்பாகிவிடும். கொடுத்த வாக்கும் காட்டிய படமும் ஒத்துப்போனதா என்பதுதான் அதில் பதிவாகிறது. நல்ல படங்களும் தவறான கூட்டத்தை வரவழைக்கும்படி விளம்பரம் செய்யப்பட்டால் அடிமட்ட கிரேடு வாங்கும்.

வாசலில் கேட்பது என்றதும் நமக்கு மைக்கும் கேமராவும்தான் நினைவுக்கு வரும். முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் யூடியூப் சேனல்கள் எடுக்கும் கருத்துகளுக்குத் தியேட்டர் வளாகத்தில் இடம் தரக்கூடாது என்று 2024 நவம்பரில் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்கள் தரப்பு கேட்டுக்கொண்டது. அந்தக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. காசு கொடுத்துப் பார்த்தவருக்குப் பேச உரிமை உண்டு. ஆனால் அந்தக் காணொளிகளை ஒரு கருத்துக் கணிப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. கேமராவை நோக்கித் தானே வருகிறவர் யார், எடுத்ததில் எதை வெட்டி எதை வைத்தார்கள் என்று இரண்டு சல்லடைகள் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கின்றன.

இணையத்தில் மதிப்பெண் போடுவதிலும் அப்படியே. படம் பரவாயில்லை என்று நினைத்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். மெய்மறந்தவரும் கொதித்துப்போனவரும்தான் உட்கார்ந்து எழுதுவார்கள். ஆய்வாளர்களான நன் ஹூ, பால் பவ்லூ, ஜீ ஜாங் ஆகியோர் இணைய மதிப்புரைகளை ஆராய்ந்து 2009 இல் எழுதியது இதைப் பற்றித்தான். ஐந்து நட்சத்திரத்தில் பெரிய குவியல், ஒரு நட்சத்திரத்தில் சிறிய குவியல், நடுவில் பள்ளம். இப்படிப்பட்ட இடத்தில் சராசரியை எடுத்தால், கிட்டத்தட்ட யாருமே சொல்லாத ஒரு கருத்து அது. அவர்களே ஆய்வகத்தில் எல்லோரையும் கட்டாயமாக மதிப்பெண் போட வைத்தபோது நடுவிலிருந்த பள்ளம் நிரம்பிவிட்டது.

2017 இல் ராட்டன் டொமேட்டோஸில் மதிப்பெண் போட டிக்கெட் வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு கணக்கு இருந்தால் போதும். ட்விட்டரிலும் கலவரம்தான். மார்ட்டன் பே என்ற ஆய்வாளர், இயக்குநர் ஜான்சனை நோக்கி எழுதப்பட்ட 967 ட்வீட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 2018 இல் முடிவை வெளியிட்டார். படத்தைத் திட்டியவை சுமார் 22 சதவீதம். அப்படித் திட்டிய கணக்குகளில் பாதி, அரசியல் நோக்கம் கொண்டவை அல்லது மனிதரே இல்லாத தானியங்கிக் கணக்குகள் என்று அவர் கணித்தார். இதைப் படித்துவிட்டு எதிர்ப்பு மொத்தமும் பொய் என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமில்லை. மீதிப் பாதி உண்மையான ரசிகர்கள், அவர்களுடைய வருத்தமும் உண்மையானது.

2019 மே மாதம் ராட்டன் டொமேட்டோஸ் டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்த பிறகே ரசிகர் மதிப்பெண்ணில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. பிரச்சினை தீர்ந்ததா? வேறு பக்கம் சாய்ந்தது என்பேன். ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வந்து மதிப்பெண்ணும் போடுகிறவர் பெரும்பாலும் தீவிர ரசிகர்தான். 2023 பிப்ரவரியில் வந்த 'ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப்: குவான்டமேனியா'வைப் பாருங்கள். சரிபார்த்த ரசிகர் மதிப்பெண் 80 சதவீதத்தைத் தாண்டியது, சினிமாஸ்கோரில் 'பி'. முதல் வார இறுதியில் 10.6 கோடி டாலர் வசூலித்த படம் இரண்டாவது வார இறுதியில் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. 400 அட்டைகள் சொன்னதுதான் பலித்தது.

அந்தச் சதவீதத்துக்கே என்ன பொருள் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் 90 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அல்ல. தொண்ணூறு சதவீதம் பேர் 'தேறும்' என்றார்கள், அவ்வளவே. எல்லா விமர்சகர்களும் 'பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்' என்று எழுதினால் அந்தப் படத்துக்கு 100 கிடைக்கும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்தால் 50.

இவ்வளவுக்கும் மேலே, ஒருவர் கருத்து அடுத்தவர் கருத்தை நகர்த்துகிறது. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள். 14,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் பாடலை மட்டும் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டு தனித்தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்த்தார்கள். எட்டு உலகங்களிலும் வெவ்வேறு பாடல்கள் ஹிட். மிக நல்ல பாடல் பெரும்பாலும் மோசமாகத் தோற்கவில்லை, மிக மோசமானது பெரும்பாலும் ஜெயிக்கவில்லை. இடைப்பட்டவற்றின் தலையெழுத்தை முதலில் கேட்டவர்கள் எழுதினார்கள்.

சினான் அரலும் சகாக்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்கு மட்டும் எழுதியவுடனே ஒரே ஒரு ஆதரவு ஓட்டைப் போட்டு வைத்தார்கள். அந்த ஒற்றை ஓட்டால் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. எதிர்ப்பு ஓட்டு போட்டு வைத்தவற்றையோ பின்னால் வந்தவர்கள் ஆதரவு ஓட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள்.

அப்படியானால் எதை நம்புவது? நான் இரண்டாவது வார இறுதி வசூலைப் பார்ப்பேன். முதல் வாரம் விளம்பரத்துக்கும் பழைய பாகங்களின் பெயருக்கும் கிடைத்த பணம். இரண்டாவது வாரம் பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொன்னார் என்பதற்குக் கிடைத்த பணம். 2016 இல் 'பேட்மேன் வி சூப்பர்மேன்' 16.6 கோடி டாலரில் தொடங்கியது, சினிமாஸ்கோர் 'பி', அடுத்த வாரம் 69 சதவீத வீழ்ச்சி. அமெரிக்க மொத்தம் 33 கோடி, அதாவது தொடக்கத்தைப்போல இரண்டே மடங்கு. 2004 முதல் 2014 வரையான கணக்கில் 'ஏ பிளஸ்' வாங்கிய படங்கள் சராசரியாக 4.8 மடங்கும், 'ஏ' வாங்கியவை 3.6 மடங்கும், 'சி' வரிசைப் படங்கள் 2.5 மடங்கும் எட்டின. 'லாஸ்ட் ஜெடை' 22 கோடியில் தொடங்கி 62 கோடியில் முடிந்தது. 2.8 மடங்கு. படம் நன்றாக ஓடியதும் உண்மை, 'ஏ' கிரேடு சொன்ன அளவுக்கு ஓடவில்லை என்பதும் உண்மை.

வசூலும் கடைசித் தீர்ப்பு இல்லை. அதே தொடரில் 1999 இல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' பழைய ரசிகர்களிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. 25 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம் அதை மறுபடி திரையிட்டார்கள். அந்த வார இறுதியில் அமெரிக்க வசூல் பட்டியலில் இரண்டாம் இடம், 80 லட்சம் டாலருக்கு மேல். 1999 இல் ஆறு வயதோ ஏழு வயதோ ஆகியிருந்தவர்களுக்கு ஒப்பிட்டு ஏமாற முந்தைய படம் எதுவும் பெரிதாக மனதில் இருந்திருக்காது. அவர்கள் பார்த்த முதல் ஸ்டார் வார்ஸ் அதுதான். அன்று அவர்கள் கையில் யாரும் அட்டையைக் கொடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள் அப்பா அம்மாவாக இருந்ததால், கணக்கில் ஏறியது பெரும்பாலும் பெரியவர்களின் குரல்தான்.