நடைமேடை 18-க்கு அடுத்தது 21

சுவிட்சர்லாந்தின் சூரிச் மத்திய ரயில் நிலையத்தில் நடைமேடை 1 கிடையாது, 2-ம் கிடையாது. எண்கள் 3-இல் தொடங்கி 18 வரை வரிசையாகப் போகின்றன. அடுத்து 21, 22. அதன்பின் ஒரேயடியாக 31 முதல் 34 வரை, பிறகு 41 முதல் 44 வரை. முதன்முறை வருபவர் பத்தொன்பதையும் இருபதையும் தேடித் திகைப்பது இயல்பு. ஆனால் இந்த நிலையத்தில் வழி தவறாமல் நடக்க ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும் என்றால், அது இந்த இடைவெளிகள் ஏன் இருக்கின்றன என்பதுதான்.

ஒரே கூரையின் கீழ் இருப்பது போலத் தோன்றினாலும், அங்கே இருப்பவை நான்கு நிலையங்கள். வெவ்வேறு காலத்தில் கட்டப்பட்டவை. தரைமட்டத்தில் இருப்பது பழையது. அதன் பெரிய மண்டபம் 1871-இல் எழுந்தது. 3 முதல் 18 வரையான தண்டவாளங்கள் இங்கே வந்து முட்டி நின்றுவிடும். 1990-இல் வடக்குப் பக்கம், அருங்காட்சியகத் தெருவுக்கு அடியில், புறநகர் ரயில்களுக்காக ஒரு நிலையம் திறந்தார்கள். அதே ஆண்டு தெற்குப் பக்கம் சீல் பள்ளத்தாக்குக்குப் போகும் சிறு ரயிலும் நிலத்தடியில் நிலையத்துக்குள் வந்து சேர்ந்தது. அது வந்து நிற்கும் இடத்துக்குத் தனிக் கதை உண்டு. நகருக்கு மெட்ரோ வரும் என்று நம்பி முன்கூட்டியே தோண்டி வைத்த இடம் அது. 1973-இல் மக்கள் வாக்களித்து மெட்ரோவே வேண்டாம் என்றுவிட்டார்கள். நான்காவதான லோவென்ஸ்ட்ராசே நிலையம் 2014-இல், தரைக்கு 16 மீட்டர் அடியில் திறக்கப்பட்டது.

புதிய நிலையம் வந்தபோது எண்களையும் திருத்தினார்கள். சீல் ரயிலுக்கு 21, 22. லோவென்ஸ்ட்ராசேவுக்கு முப்பதுகள். அருங்காட்சியகத் தெருவுக்கு நாற்பதுகள். விடுதி அறையின் முதல் இலக்கம் மாடியைச் சொல்வது போல, இங்கே முதல் இலக்கம் எந்த நிலையம் என்று சொல்லிவிடுகிறது. கையிலிருக்கும் பயணத் திட்டத்தில் 33 என்று பார்த்த உடனே, தரைமட்டத்தில் தேடிப் பயனில்லை, கீழே இறங்க வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

எண்ணுக்கு இவ்வளவு வேலை கொடுக்கக் காரணம் நம் மூளை. மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், நாம் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் உண்டு என்று 1971-இல் மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் எலிகளை ஆராய்ந்து காட்டினார். 2005-இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் அருகிலுள்ள பகுதியில், வெளியைக் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. இவற்றோடு, தலை எந்தத் திசையை நோக்குகிறது என்று காட்டும் செல்களும் இருக்கின்றன. இந்தத் திசையுணர்வு ஒவ்வோர் அடிக்கும் சிறு பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும். வெளியே ஒரு கோபுரமோ ஆறோ கண்ணில் பட்டால் மூளை அதைப் பிடித்துக்கொண்டு பிழையைத் திருத்திவிடும். நிலத்தடியில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டு முறை படிக்கட்டில் திரும்பி இறங்கினால் போதும், வடக்கு எங்கே என்பது போய்விடும். அங்கே செல்பேசியின் வரைபடமும் தடுமாறுகிறது, செயற்கைக்கோள் சிக்னல் மண்ணைத் துளைத்து வருவதில்லை. அதனால் அந்த ஆழத்தில் திசையை நினைவில் வைக்க முயல்வதை விட்டுவிட்டு எண்ணைப் பின்தொடர்வதே புத்திசாலித்தனம்.

திசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரைமட்டத் தண்டவாளங்கள் கிழக்கே முட்டி நிற்பதால், அங்கிருந்து புறப்படும் எல்லா ரயில்களும் முதலில் மேற்கே போகின்றன. வடக்கே போகிற ரயிலும் மேற்கே கிளம்பித்தான் வளைந்து திரும்பும். ரயில் தவறான பக்கம் போகிறதே என்று பலர் பதறுவது இதனால்தான். கீழே உள்ள முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் தண்டவாளம் ஊடுருவிப் போகிறது. ஒரே நடைமேடையில் கிழக்கே போவதும் மேற்கே போவதும் வந்து நிற்கலாம். கிழக்கே போகிறவற்றில் முப்பதுகளின் ரயில் லிம்மாட் ஆற்றுக்கு அடியில் நுழைந்து வளைந்து நகரின் வடபகுதியான ஓர்லிக்கோன் பக்கம் வெளிவரும். நாற்பதுகளின் ரயில் நகருக்குள்ளேயே இருக்கும் ஷ்டாடெல்ஹோஃபென் நிலையத்துக்குப் போகும். ஆகவே கீழே இருக்கும்போது எண்ணோடு, பலகையில் உள்ள ஊரின் பெயரையும் பார்த்துவிட்டு ஏற வேண்டும்.

இதுவரை சொன்னது இடம். இந்த நிலையத்தின் அசல் சாமர்த்தியம் காலத்தில் இருக்கிறது என்பேன். சுவிஸ் ரயில்கள் 1982 முதல் நாடு முழுவதும் மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் ஓடும்படி அமைக்கப்பட்டன. அடுத்த கட்டம், பெரிய சந்திப்புகளில் எல்லா ரயில்களும் முழு மணிக்குச் சற்று முன்னால் வந்து, சற்றுப் பின்னால் புறப்பட வேண்டும் என்பது. அப்போதுதான் எந்த ரயிலிலிருந்தும் எந்த ரயிலுக்கும் மாறலாம். அதற்கு இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். சூரிச்சிலிருந்து தலைநகர் பெர்னுக்கு முன்பு அதற்கு மேல் ஆயிற்று. 2004 டிசம்பரில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கான புதிய பாதையைத் திறந்து அதை 56 நிமிடமாக்கினார்கள். இன்னும் வேகமாக ஓட்டப் பெரும் பணம் செலவழிக்க அவசியமில்லை; சீக்கிரம் வந்து சேர்ந்தாலும் இணைப்பு ரயிலுக்குக் காத்துத்தான் நிற்க வேண்டும்.

இப்படி ஒரே கோலம் மணிக்கு மணி திரும்புவதால், ஒரு ரயில் காலை எட்டு மணிக்கு நின்ற நடைமேடையிலேயே அதே ஊருக்குப் போகும் அடுத்தடுத்த ரயில்கள் ஒன்பதுக்கும் பத்துக்கும் நிற்பது வழக்கம். நிலையத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளில், புறப்படும் நேரத்துக்குப் பக்கத்திலேயே நடைமேடை எண்ணை முன்கூட்டியே அச்சிட முடிவதும் இதனால்தான். (வெள்ளைத் தாள் வருகைக்கு. அதைப் பார்த்துவிட்டு நடைமேடைக்கு ஓடக் கூடாது.) பணிகள் நடக்கும் நாட்களில் மாற்றம் வரும், அதற்கு மின்பலகையை நம்பலாம். மற்ற நாட்களில், ஒருமுறை கற்றுக்கொண்ட வழி ஆண்டு முழுவதும் செல்லும்.

நடைமேடைக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. லோவென்ஸ்ட்ராசேயில் நடைமேடை 420 மீட்டர் நீளம். ரயில் கடைக்கோடியில் நின்றால் ஓடிப் பிடிப்பது கடினம். அதற்காக நடைமேடையை ஏ, பி, சி, டி என்று பிரித்து மேலே எழுதியிருக்கிறார்கள். நீலப் பலகையில் ரயிலின் சிறு படம் வரும். முதல் வகுப்பு எந்த எழுத்துக்குக் கீழே நிற்கும், உணவுப் பெட்டி எங்கே என்று அதில் தெரியும். பெட்டியின் மேல்விளிம்பில் மஞ்சள் கோடு இருந்தால் அது முதல் வகுப்பு. பல ரயில்கள் நடைமேடையின் பாதியைத்தான் நிரப்பும். அதனால் படத்தில் ரயில் எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்த்து அதற்கு உட்புறமாகப் போய் நின்றால், ரயில் வந்து நின்றதும் கதவு எதிரிலேயே இருக்கும்.