கவுன்சிலிங்குக்கு முன்னால் அட்வான்ஸ் கட்டாதீர்கள்

தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கை உதவி மையத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் வேலை எனக்கு. இந்த ஆண்டும் அதே கதைதான். மேசைக்கு எதிரே ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. நல்ல கட்-ஆஃப். வீட்டில் யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்றேன். “அது காலேஜ்ல இருக்கு சார். அட்வான்ஸ் கட்டி சீட்டு போட்டாச்சு. ஃபர்ஸ்ட் கிராஜுவேட் பணத்தைக் குறைக்க இங்க வரச் சொன்னாங்க” என்றார் அப்பா.

அந்த ‘சீட்டு’ நிர்வாக ஒதுக்கீடு, அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடம். அதற்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. எத்தனை தடவை சொன்னாலும் ஊருக்குள் போய்ச் சேராத விஷயம் இது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தாசில்தார் அலுவலகம் தரும் சான்றிதழ் ஒன்றை மட்டும்தான் சொல்கிறது: இந்தக் குடும்பத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெறவில்லை. அதைக் காட்டினால் எந்தக் கல்லூரியிலும் கட்டணம் குறையும் என்று நினைக்கிறார்கள். குறையாது. அரசு பணம் தருவது அரசே நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில், அதாவது கவுன்சிலிங்கில், இடம் பெற்றவருக்கு. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், இருவருமே முதல் பட்டதாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலிங்கில் வந்தவருக்குச் சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். நேரடியாகச் சேர்ந்தவர் முழுப் பணமும் கட்டுவார், அதுவும் நிர்வாக ஒதுக்கீட்டின் கூடுதல் கட்டணத்தை. “எங்ககிட்டயும் சான்றிதழ் இருக்கே” என்று இரண்டாமாண்டில் வந்து அழுதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பெண் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. நான்கு வருடப் படிப்பு கிட்டத்தட்டக் கைக்காசு இல்லாமல் முடியும். அதுவும் கவுன்சிலிங் வழியாக மட்டும்தான்.

அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீடு தேடி வந்து கல்லூரி பற்றிப் பேசிய முதல் ஆள், கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்தான். “கவுன்சிலிங் வரைக்கும் காத்திருந்தா சீட்டு தீர்ந்துடும்” என்கிறார், பயம் வருமா வராதா? ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கவுன்சிலிங் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. (ஏஜென்ட்டுக்குப் பிள்ளைகளின் தொலைபேசி எண்கள் எங்கிருந்து போகின்றன என்று பள்ளிகளும் கொஞ்சம் யோசிக்கட்டும். நானும் ஆசிரியர்தான்; சக ஆசிரியர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.)

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? இடிந்து உட்காராதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் கழிக்கவும் கூடாது. இரண்டுமே தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. வாயால் கேட்டால் அலைக்கழிப்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமா முடித்திருக்கிறான் என்று முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் உண்டு. டிப்ளமா பட்டம் அல்ல, விண்ணப்பியுங்கள். ஆனால் அண்ணன் இதே சலுகையில் படித்திருந்தால் தங்கைக்குக் கிடையாது. இ-சேவை மையத்துக்குக் கடைசி நாளில் ஓடாதீர்கள். மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் மறக்க வேண்டாம்.

கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று தமிழக அரசின் திட்டங்கள் உண்டு, இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. பணம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் வங்கிக்குப் போய், “என் ஆதார் என்.பி.சி.ஐ.-யில் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது?” என்று கேளுங்கள். அரசு அனுப்பும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பின் பதிவுதான் சொல்கிறது. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, இது வேறு. ஏழாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கில் பணம் போய்க் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மேல் தேவைப்பட்டால் கல்விக் கடன். வட்டிக்காரரிடம் போவதற்கு முன் வங்கிக்குப் போங்கள், தயவுசெய்து. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. மேலாளர் முடியாது என்று கைவிரித்தால், கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டு, நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.