போர்ட்ரானில் ஒரு சதுர அடைப்பு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி கேட்டிருக்கிறார்: “என் மடிக்கணினியில் எட்டு கோர், அதாவது தனித்தனியே கணக்கிடும் எட்டுப் பகுதிகள், உண்டு. வெப்பப் பரவலுக்கு எழுதிய போர்ட்ரான் நிரல் ஓடும்போது ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்ற ஏழும் ஏன் சும்மா இருக்கின்றன?”

1957இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழுவினர் போர்ட்ரான் என்ற நிரல்மொழியை வெளியிட்டபோது கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தன. பல செயலிகள் வந்த பிறகு அவற்றுக்கிடையே தகவல் அனுப்ப எம்பிஐ என்ற நிரல் நூலகம் கைகொடுத்தது. ஆனால் அதில் ஓர் எண்ணை அனுப்பவே ஒரு பக்கம் அனுப்பும் கட்டளை, மறுபக்கம் வாங்கும் கட்டளை, ஒவ்வொன்றுக்கும் ஆறேழு விவரம்.

1998இல் ராபர்ட் நும்ரிச்சும் ஜான் ரீடும் மொழியிலேயே கைவைத்தார்கள். நிரலின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றும் ஓர் இமேஜ். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஒன்றின் நினைவகத்திலிருந்து இன்னொன்று எடுப்பதற்குப் புதிதாக வந்த குறியீடு சதுர அடைப்பு மட்டுமே. அந்த அழகை என்னவென்று சொல்வது!

கம்பியொன்றைத் துண்டுகளாக்கி இமேஜுக்கு 100 புள்ளி கொடுப்போம். பெயர்களைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். வெப்பம்(0:101)[*] என்று அறிவித்தால் எல்லா இமேஜிலும் அதே அளவு அணி (எண்களின் வரிசை) உருவாகும். 1 முதல் 100 வரை சொந்தப் புள்ளிகள்; 0, 101 இரண்டும் பக்கத்தாரின் மதிப்பை வைக்கும் இடங்கள். என் முதற்புள்ளியைக் கணிக்க இடப்பக்கத்தாரின் கடைசிப் புள்ளி வேண்டும். எழுதவேண்டியது இவ்வளவுதான் (‘நான்’ என்பது என் இமேஜின் எண்):

வெப்பம்(0) = வெப்பம்(100)[நான்-1]

அடைப்பு இல்லையென்றால் என்னுடையது. அடைப்பு இருந்தால் அடுத்தவரிடம் போய் எடுத்துவருவது. நேரத்தைத் தின்பது இந்தப் போக்குவரத்துத்தான். நிரலைப் படிக்கும்போதே அது எந்த வரியில் நடக்கிறதென்று கண்ணில் படுகிறது. இதைவிட நேர்மையான குறியீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் எடுக்கும் முன் ‘சிங்க் ஆல்’ கட்டளை வேண்டும்: எல்லா இமேஜும் அந்த வரிக்கு வரும்வரை ஒன்றும் தாண்டாது. எடுத்து முடித்தபின்னும், மதிப்புகளை மாற்றும் முன் இன்னொன்று. விட்டுவிட்டால் பக்கத்து இமேஜின் பழைய மதிப்பும் வரலாம், புதியதும் வரலாம். பிழைச் செய்தி எதுவும் வராது; ஓட்டத்துக்கு ஓட்டம் விடைதான் மாறும்.

2008 தரநிலையில் கோஅரே என்ற பெயரில் இது போர்ட்ரானின் பகுதியாகிவிட்டது. வானிலை மாதிரிகள் பல இன்றும் போர்ட்ரானில்தான். வெள்ளம் வருடாவருடம் வரும் நம் நாட்டில் இதைக் கற்பிக்கப் பணம் ஒதுக்காதது பெருந்தவறு என்பேன். புதிய இயந்திரம்கூட வேண்டாம். இருக்கும் ஆய்வுகூடக் கணினிகளும் கற்பிக்க ஆட்களும் போதும்.

தங்கச்சி, போர்ட்ரான் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிஃபோர்ட்ரானும், அதில் கோஅரேயை இயக்கும் ஓப்பன்கோஅரேஸ் நூலகமும் இலவசம். முதலில் இரண்டு இமேஜில் ஓட்டி, ஒற்றை இமேஜில் வந்த விடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு எட்டு இமேஜுக்குப் போகலாம்.